பதிவேட்டில் நான்கு நொடி

டொங்காட்டிலிருந்து இரண்டு டாக்ஸி மாறி
வெஸ்ட்வில் மேட்டுக்குப் போகிறேன்.
பதினைந்து பேர் வண்டியில் பதினேழாவது ஆள்,
மடியில் ஒரு பிளாஸ்டிக் முழங்கால்,
வெள்ளிக்கிழமைக்குள் துறையில் திருப்பித் தர வேண்டியது.
பக்கத்து சீட்டுப் பெண் கேட்டாள்: பிசியோவா?
இல்லை.
ஜிம் டீச்சரா?
இல்லை.
டாக்டருக்குக் கொஞ்சம் கீழேயா?
கொஞ்சம் பக்கத்தில், என்றேன்.
கோட்டுக்கு வெளியே
ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பேன்.
ஓ, தண்ணீர் கொடுக்கிறவளா!
அதுவும்தான்.

முதல் வருடம் முழுக்கப் பெயர்கள்.
இருநூற்று ஆறு எலும்பு,
ஒவ்வொன்றின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும்
லத்தீனில் தனித்தனி முகவரி.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் பெற்றது கொஞ்சம்தான்,
ஆனால் கெண்டைக்கால் என்ற சொல் கைவசம் இருந்தது.
நோக்வாண்டாவின் காலில் விரல் வைத்து
குதியைத் தூக்கு என்றேன்.
தோலுக்கடியில் மீன் புரண்டது.
வாய்மொழித் தேர்வில் தடுமாறாமல் சொன்னது
அந்த ஒரு தசையைத்தான்.

இரண்டாம் வருடம் டேப்.
ஒரு கணுக்காலுக்கு மூன்று நிமிடம்.
சுருக்கம் விழக்கூடாது;
காலையில் விழும் சுருக்கம்
மாலையில் கொப்புளம்.
தம்பி பிரகேசன் இரவெல்லாம் வீடியோ கேம் ஆட,
சும்மா கிடந்த அவன் இடது காலை
இருபத்தேழு முறை கட்டி அவிழ்த்தேன்.
அந்தக் காலில் இப்போது முடி இல்லை.
அவன் அரைக்கால் சட்டை போடுவதும் இல்லை.
செய்முறைத் தேர்வன்று ஜன்னல் வழியே வந்த குரங்கு
புது ரோல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மரமேறி
கிளையில் அதைச் சுற்றத் தொடங்கியது.
டாக்டர் மதேத்வா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்:
"சுருக்கமே இல்லை. கவனி."

அதற்குப் பிறகு
யாரையும் சும்மா பார்க்க முடியவில்லை.
மணமேடை ஏறும் மாப்பிள்ளைக்கு
வலது கால் ஊன்றினால் இடது இடுப்பு தாழ்கிறது.
வாழ்த்தாமல் அதைத்தான் யோசித்தேன்.

இந்த வருடம் ஜூலையில், அரையிறுதி.
எங்கோ கரும்புத் தோட்டம் கொளுத்தியிருந்தார்கள்,
சாம்பல் மைதானம் வரை பறந்து வந்து
ஐஸ் பெட்டியில் கறுப்பாய் உட்கார்ந்தது.
லுங்கேலோ பந்துக்குத் தலையால் எழும்பினான்.
இன்னொரு தலையும் எழும்பியது.

ஓடினேன். அவன் கண் திறந்திருந்தது.
எந்த மைதானம்? சொன்னான்.
எந்தப் பாதி? சொன்னான், சிரிப்போடு.
போன வாரம் யாரோடு ஆடினோம்?
சொன்னான்,
போன வருடத்து எதிரணியின் பெயரை,
கொஞ்சமும் சந்தேகமில்லாமல்.

மேலே மூன்றாவது வரிசையில்
ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த ஆள்
அவனுக்காகவே நோட்டைத் திறந்து வைத்திருந்தார்.
அது எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.
ப்ளீஸ் சிஸி, என்றான். பத்து நிமிடம்.
கோச் கோட்டருகே நின்று கத்தினார்,
அவள் வெறும் மாணவி, வெறும் மாணவி.
டாக்டர் மதேத்வா பெஞ்சிலிருந்து எழுந்தார்,
என்னைப் பார்த்தார்,
எதுவும் சொல்லவில்லை.

நான் கையைத் தூக்கினேன்.

ஒன்றுக்கு இரண்டு, தோற்றோம்.
பேருந்தில் என் பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது,
ஐஸ் பெட்டியைத் தவிர.

இரவு பதிவேட்டை நிரப்பினேன்.
பட்டத்துக்கு இன்னும் நூற்றுப்பதினெட்டு மணி நேரம் தேவை.
டேப் போட்டது: ஒன்பது கணுக்கால், நாற்பது நிமிடம்.
நீட்சிப் பயிற்சி: இருபத்தைந்து.
தண்ணீர், ஐஸ்: ஒரு மணி.
கை தூக்கியதற்குக் கட்டம் எதுவும் இல்லை.
'இதர' என்ற வரியில் எழுதினேன்:
நான்கு நொடி.
டாக்டர் மதேத்வா அதை அடித்து
'கால் மணி' என்று திருத்தி
கையெழுத்திட்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை கிளினிக் மேஜையில்
யாரோ கால் நீட்டிப் படுத்திருந்தான்,
முகத்தில் துண்டு.
கெண்டைக்காலை வைத்தே ஆளைத் தெரிந்தது.
பேசவில்லை, நானும் பேசவில்லை.
இன்று என்ன கிழமை, என்று மட்டும் கேட்டேன்.
துண்டுக்குள்ளிருந்து
ரொம்ப நேரம் கழித்து,
சரியான விடை.